முதலில் அழுத்தியது யார்? வீட்டிலேயே செய்யலாம் குவிஸ் பஸர்

2023 பொங்கல். எங்கள் குடியிருப்பில் கோலப் போட்டி, உறியடி எல்லாம் முடிந்து, கடைசி நிகழ்ச்சியாகச் சிறுவர்களுக்கு வினாடி வினா. 'சார் கம்ப்யூட்டர் எல்லாம் தெரிந்தவர்' என்று சொல்லி, கேள்வி கேட்கும் பொறுப்பை என் தலையில் கட்டி விட்டார்கள்.

மூன்று அணிகள். அணிக்கு மூன்று பேர். பதில் தெரிந்தவர் கை தூக்க வேண்டும். முதலில் தூக்கியவருக்கு வாய்ப்பு. கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு அணிகள் சம மதிப்பெண்ணில் நின்றன. "ஒரு பைட் என்பது எத்தனை பிட்?" என்று கேட்டேன். இரண்டு பக்கமும் கை எழுந்தது. நான் இடது பக்க அணியைக் காட்டினேன். "எட்டு" என்றான் ஒரு பையன். கைதட்டல், பரிசு.

வலது பக்கம் இருந்த ஆறாம் வகுப்பு மாணவி எழுந்து, "அங்கிள், நான்தான் முதல்ல தூக்கினேன்" என்றாள். அவள் அப்பா, "பரவாயில்லை சார், பசங்க விளையாட்டுதானே" என்று சமாதானம் சொல்லி அழைத்துப் போனார். ஆனால் எனக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. ஏனென்றால், எட்டு என்று பதில் சொன்னவன் என் மகன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் யார் முதலில் தூக்கினார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாமலேயே தீர்ப்புச் சொல்லி விட்டேன். அன்று இரவே முடிவு செய்தேன்: அடுத்த பொங்கலுக்கு ஒரு பஸர் செய்து விட வேண்டும். அந்த முயற்சியில் நான் செய்த தவறுகளும், கடைசியில் கிடைத்த தீர்வும்தான் இந்தக் கட்டுரை. இதைச் செய்ய நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முதல் முயற்சி: மூன்று ஸ்விட்ச், மூன்று விளக்கு

'இதில் என்ன இருக்கிறது? ஆளுக்கு ஒரு ஸ்விட்ச், ஆளுக்கு ஒரு விளக்கு. அழுத்தினால் எரியும்' என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று காலிங் பெல் ஸ்விட்ச், மூன்று எல்இடி, ஒரு 12 வோல்ட் அடாப்டர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மகனையும் அவன் நண்பர்களையும் உட்கார வைத்துச் சோதித்தேன். கேள்வி முடிந்தது, மூன்று விளக்கும் எரிந்தன. யார் முதல்? மறுபடியும் தெரியவில்லை! கையைப் பார்த்துக் குழம்பியவன், இப்போது விளக்கைப் பார்த்துக் குழம்பினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பஸரின் வேலை 'யார் அழுத்தினார்கள்' என்று காட்டுவது அல்ல. 'முதலில் யார்' என்று காட்டுவது. அதற்கு, முதல் ஆள் உள்ளே நுழைந்தவுடன் மற்றவர்களுக்குக் கதவு மூடிவிட வேண்டும். இப்படிக் கதவை மூடும் வசதியை லாக்-அவுட் என்று சொல்வார்கள். அது இல்லாத பஸர் வெறும் காலிங் பெல்தான்.

இரண்டாம் முயற்சி: பழைய கீபோர்டும் நோட்பேடும்

2000 ஜூலையில் ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கிய 'கோன் பனேகா குரோர்பதி'யைப் பார்த்தவர்களுக்கு அதன் முதல் சுற்று நினைவிருக்கும். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பட்டன்களை அழுத்துவார்கள். யார் வேகம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நம்மிடமும்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே!

இதற்கு சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் நோட்பேட் போதும். இப்போதே செய்து பாருங்கள்:

1. நோட்பேடைத் திறந்து கொள்ளுங்கள்.
2. கன்ட்ரோல் கீயைப் பிடித்துக் கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி எழுத்தைப் பெரிதாக்குங்கள். பழைய விண்டோஸ் என்றால் ஃபான்ட் மெனுவில் அளவை 72 என்று மாற்றுங்கள்.
3. மூன்று பேர் ஆளுக்கு ஓர் எண் கீயில் விரல் வைக்கட்டும். 1, 5, 9 என்று வைத்துக் கொள்வோம்.
4. நீங்கள் கை தட்டியதும் மூவரும் அழுத்தட்டும்.

ஸ்கிரீனில் 591 என்று வந்தால், 5 முதல், 9 இரண்டாவது, 1 மூன்றாவது. முதலிடம் மட்டுமல்ல, இரண்டாம் மூன்றாம் இடங்களும் கிடைத்து விடும். கீயை அழுத்தியே வைத்திருந்தால் அதே எண் வரிசையாக வந்து கொண்டிருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். முதலில் வந்த எண்தான் கணக்கு. அடுத்த கேள்விக்கு முன் கன்ட்ரோல்-ஏ அழுத்தி டெலிட் செய்து விடுங்கள்.

ஆனால் ஒன்பது பேர் ஒரே கீபோர்டைச் சுற்றி நிற்க முடியாதல்லவா? அதனால் பரணில் கிடந்த ஒரு பழைய யுஎஸ்பி கீபோர்டைக் கழற்றினேன்.

கீபோர்டில் நூற்றுக்கும் மேல் கீகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கிடையாது. உள்ளே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் போட்ட நோட்டுத் தாள் போல ஓடுகின்றன. 8 வரிசை, 18 நெடுவரிசை இருந்தால், 26 கம்பிகளை வைத்துக்கொண்டு 144 சந்திப்புகள் கிடைத்து விடும். ஒரு கீயை அழுத்தினால் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் தொட்டுக் கொள்கின்றன. உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு இந்தச் சந்திப்புகளை ஓயாமல் சுற்றி வந்து, எது தொட்டது என்று பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது.

அந்தச் சின்ன போர்டுதான் நமக்குத் தேவை. பிளாஸ்டிக் தாள்களை எடுத்து விட்டு, போர்டை மட்டும் யுஎஸ்பியில் இணைத்து, நோட்பேடைத் திறந்து வையுங்கள். ஒரு துண்டு வயரால் போர்டின் ஓரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தொடுங்கள். ஸ்கிரீனில் ஏதாவது எழுத்து வரும். எந்த இரண்டு புள்ளிக்கு எந்த எழுத்து என்று எழுதிக் கொண்டே போங்கள். யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தான் என்பதால் கைக்கு ஆபத்தில்லை. என் மகன் இதை ஒரு விளையாட்டாகவே செய்தான். விண்டோஸ் இரண்டு கீபோர்டுகளை ஒரே நேரத்தில் ஏற்றுக் கொள்ளும். எனவே உங்கள் வழக்கமான கீபோர்டைக் கழற்ற வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பது பழைய பிஎஸ்2 கீபோர்டு என்றால், சிஸ்டத்தை அணைத்த பிறகே மாட்டவோ கழற்றவோ வேண்டும்.

போர்டின் ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது கார்பன் பூச்சு. அதன் மேல் ஈயம் ஒட்டாது. அந்தப் புள்ளியிலிருந்து போகும் செம்புக் கோட்டைத் தேடி, மேல்பூச்சை பிளேடால் லேசாகச் சுரண்டி, அங்கே சால்டர் செய்யுங்கள். மேசை வரை வயர் இழுக்க லேன் கேபிள் வசதி. அதற்குள் நான்கு ஜோடி வயர்கள் இருக்கும். அணிக்கு ஒரு ஜோடி. முனையில் காலிங் பெல் ஸ்விட்ச்.

எல்லாம் முடிந்ததும் மூன்று ஸ்விட்சையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். மூன்று எண்களும் வர வேண்டும். சில கீபோர்டுகளில் சில கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று விட்டுப் போகும். அல்லது அழுத்தாத எழுத்து ஒன்று வந்து நிற்கும். அப்படி வந்தால் வேறு ஜோடிப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள்.

'அங்கிள், 1தான் எப்பவும் ஜெயிக்குது!'

கம்ப்யூட்டர் சொல்லும் தீர்ப்பை யார் மறுக்க முடியும் என்ற நிம்மதியில், சோதனைக்கு அந்த மாணவியையே அழைத்தேன். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். "நீ போட்டியில் சேர வேண்டாம். இது சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்" என்றேன். வந்தாள்.

கால் மணி நேரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒரு மர ஸ்கேலை எடுத்து, இரண்டு ஸ்விட்சுகளின் மேல் படுக்கை வாட்டில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். 15. மறுபடியும் 15. மறுபடியும். "அங்கிள், ரெண்டும் ஒண்ணா அழுத்தினா 1தான் எப்பவும் ஜெயிக்குது" என்றாள்.

ஸ்கேல் ஒரு பக்கம் முந்தித் தொடுகிறதோ என்று சந்தேகம். உடனே இரண்டு ஸ்விட்சுகளின் வயர்களை இடம் மாற்றினோம். மாற்றிய பிறகும் பெரும்பாலும் 1தான் முதலில் வந்தது. அதாவது வெற்றி ஸ்விட்சோடு போகவில்லை, எண்ணோடு போகிறது. குறை கையில் இல்லை, கீபோர்டில் இருக்கிறது.

காரணம் இதுதான். சாதாரண கீபோர்டுகள் பல, விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் கம்ப்யூட்டரிடம் செய்தி சொல்கின்றன. அந்த 8 மில்லி விநாடிக்குள் இரண்டு பேர் அழுத்தினால், இரண்டும் ஒரே செய்தியில் போய்ச் சேரும். யார் முந்தியவர் என்ற விவரம் அதில் இருக்காது. போர்டு எந்த வரிசையில் பார்த்து எழுதியதோ அந்த வரிசையில் நோட்பேடில் எண் விழும். கம்ப்யூட்டருக்கும் தெரியாது, தெரியாமலேயே ஒரு பதிலைச் சொல்லி விடுகிறது. பொங்கலன்று நான் செய்த அதே தவறு!

உண்மையைச் சொன்னால், இந்த அளவு நெருக்கமான போட்டி அடிக்கடி வராது. வீட்டு விளையாட்டுக்கும் வகுப்பறைக்கும் நோட்பேட் முறையே போதும். சுற்றுக்கு ஒரு முறை அணிகளின் இடத்தை மாற்றி விட்டால், யாருக்கும் நிரந்தரச் சாதகம் இருக்காது. ஆனால் எனக்கு, 'இரண்டு பேரும் சமம்' என்று சொல்லத் தெரிந்த ஒரு கருவி வேண்டியிருந்தது.

மூன்றாம் முயற்சி: ரிலே பெட்டி

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். உள்ளே உள்ள காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகி, ஒரு தகட்டை இழுக்கும். சாதாரணமாக மூடியிருக்கும் தொடர்பு (என்சி) திறக்கும். திறந்திருக்கும் தொடர்பு (என்ஓ) மூடும். கதவு மூடும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

தேவையான பொருட்கள் (3 அணிகளுக்கு):

* 12 வோல்ட் ரிலே, இரண்டு ஜோடித் தொடர்பு உள்ளது (கடையில் '8 பின் ரிலே' என்று கேளுங்கள்) – 3
* 1என்4007 டயோடு – 9
* 220 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் – 3
* எல்இடி (மூன்று நிறங்களில்) – 3
* 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் – 3
* காலிங் பெல் ஸ்விட்ச் – 3
* அழுத்தினால் துண்டிக்கும் 'புஷ் டு ஆஃப்' ஸ்விட்ச் – 1
* 12 வோல்ட் டிசி பஸர் – 1
* 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் – 1

பழைய பிராட்பேண்ட் மோடத்தின் அடாப்டர் வீட்டில் கிடந்தால் அதன் லேபிளைப் பாருங்கள். பல மோடங்களுக்கு 12 வோல்ட் டிசிதான். மற்ற எல்லாம் சென்னை ரிட்சி தெரு போன்ற இடங்களில் ஒரே கடையில் கிடைத்து விடும். எனக்கு ஆன செலவு சுமார் 500 ரூபாய்.

இணைக்கும் முறை:

1. அடாப்டரின் பிளஸ் வயரை முதலில் 'புஷ் டு ஆஃப்' ஸ்விட்ச் வழியாகக் கொண்டு வாருங்கள். இது கேள்வி கேட்பவரின் ரீசெட் ஸ்விட்ச். இதைத் தாண்டி வரும் வயருக்கு 'பிடிப்பு வயர்' என்று பெயர் வைத்துக் கொள்வோம்.

2. பிடிப்பு வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, முதல் ரிலேயின் என்சி தொடர்பு, இரண்டாவதன் என்சி, மூன்றாவதன் என்சி என்று வரிசையாகக் கோர்த்து வெளியே எடுங்கள். இது 'கதவு வயர்'. எந்த ஒரு ரிலே இழுத்தாலும் இந்த வயரில் மின்சாரம் நின்றுவிடும்.

3. கதவு வயரிலிருந்து மூன்று அணிகளின் ஸ்விட்சுக்கும் பிளஸ் கொடுங்கள். ஸ்விட்சிலிருந்து ஒரு டயோடு வழியாக அந்த அணியின் ரிலே காயிலுக்குப் போங்கள். டயோடின் கோடு போட்ட முனை காயில் பக்கம் இருக்க வேண்டும். காயிலின் மறுமுனை மைனஸுக்கு.

4. ரிலேயின் இரண்டாவது ஜோடியில், பிடிப்பு வயரை என்ஓ தொடர்பு வழியாக அதே காயிலுக்குக் கொடுங்கள். விரலை எடுத்த பிறகும் ரிலே தன்னைத் தானே பிடித்துக் கொண்டிருப்பது இதனால்தான்.

5. காயிலுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர், இன்னொரு டயோடு, ரெசிஸ்டருடன் எல்இடி ஆகியவற்றை இணையுங்கள். கெப்பாசிட்டரின் பிளஸ், டயோடின் கோடு போட்ட முனை, எல்இடியின் நீளமான கால் ஆகிய மூன்றும் காயிலின் பிளஸ் பக்கம்.

6. ஒவ்வொரு காயிலின் பிளஸ் பக்கத்திலிருந்தும் மூன்றாவது டயோடு வழியாக வந்து, மூன்றையும் பஸரின் பிளஸில் சேருங்கள். கோடு போட்ட முனை பஸர் பக்கம். பஸரின் மைனஸ், அடாப்டர் மைனஸுக்கு.

ரிலேயின் எந்தப் பின் எது என்று சந்தேகம் இருந்தால், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள். தப்பான பின்னில் சால்டர் செய்துவிட்டுப் பிறகு கழற்றுவது பெரிய வேலை.

நான் மாட்டிக் கொண்ட இரண்டு இடங்கள்

கெப்பாசிட்டர் எதற்கு என்று முதலில் அதை விட்டு விட்டேன். ஸ்விட்சை அழுத்தியதும் ரிலே 'டர்ர்ர்' என்று நடுங்கியது, பிடித்துக் கொள்ளவில்லை. தகடு நகரத் தொடங்கியதும் என்சி திறந்து விடுகிறது. என்ஓ இன்னும் மூடவில்லை. அந்தச் சிறு இடைவெளியில் காயிலுக்கு மின்சாரம் போய்விடுகிறது. கெப்பாசிட்டர் சேர்த்து வைத்த மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்ட உதவுகிறது.

ஸ்விட்சுக்கும் காயிலுக்கும் நடுவே டயோடு எதற்கு? அதையும் முதலில் நான் போடவில்லை. தனித்தனியாக அழுத்தியபோது பிரமாதமாக வேலை செய்தது. அந்த மாணவி மட்டும் அழுத்திய விரலை எடுக்காமலே, "இப்ப நீ அழுத்து" என்று என் மகனிடம் சொன்னாள். இரண்டாவது விளக்கும் எரிந்தது! அவள் காயிலுக்கு வந்த மின்சாரம், அழுத்தியபடி இருந்த ஸ்விட்ச் வழியாகத் திரும்பிக் கதவு வயருக்குப் போய்விட்டது. மூடிய கதவை உள்ளிருந்தே திறந்து விட்டது போல. டயோடு மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும் என்பதால், அதைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. நிஜப் போட்டியில் பிள்ளைகள் ஸ்விட்சை விடவே மாட்டார்கள். இந்தக் குறை மேடையில் தெரிய வந்திருந்தால் மறுபடியும் மானம் போயிருக்கும்.

இப்போது ஸ்கேல் சோதனை. இரண்டு ஸ்விட்சையும் ஒன்றாக அழுத்தினால் இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தன. ஏனென்றால் முதல் ரிலே கதவை மூடச் சில மில்லி விநாடிகள் ஆகும். அதற்குள் வந்து சேர்ந்தவரையும் பெட்டி உள்ளே விட்டு விடுகிறது. இதைக் குறை என்று நினைக்காதீர்கள். பிரித்துச் சொல்ல முடியாதபோது, முடியவில்லை என்று காட்டுகிறதே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எச்சரிக்கை: பிள்ளைகள் கை வைக்கும் ஸ்விட்சுகளில் ஒருபோதும் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைக் கொண்டு வராதீர்கள். 'பெரிய பல்பு போட்டால் பளிச்சென்று தெரியுமே' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அடாப்டரையும் பிரிக்கக் கூடாது.

பட்டன் அழுத்திய கம்ப்யூட்டர்

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினா நிகழ்ச்சியில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் என்ற கம்ப்யூட்டர், கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்ற இரண்டு பெரிய சாம்பியன்களுடன் மோதி வென்றது. 90 சர்வர்களைச் சேர்த்துச் செய்த கம்ப்யூட்டர் அது. ஆனாலும் பதில் சொல்ல அதுவும் பட்டனைத்தான் அழுத்த வேண்டியிருந்தது. அதற்காக ஒரு காந்த விரல் செய்து கொடுத்தார்கள். அந்த நிகழ்ச்சியில் கேள்வி முடியும் முன் அவசரப்பட்டு அழுத்துபவரின் பட்டன், கால் விநாடி வேலை செய்யாது. பதில் தெரிந்தால் மட்டும் போதாது, அழுத்தும் நேரமும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2024 பொங்கல்

அடுத்த பொங்கலுக்குப் பெட்டி மேடை ஏறியது. கேள்விகளை பவர்பாயின்ட்டில் காட்டினோம். மதிப்பெண்களை எக்ஸெல்லில் போட்டுக் கூட்டினோம். தீர்ப்பு மட்டும் ரிலே பெட்டியிடம். தொடங்கும் முன்பே விதியைச் சொல்லி விட்டேன்: இரண்டு விளக்கு எரிந்தால் அந்தக் கேள்வி செல்லாது, புதிய கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் முன் ரீசெட் ஸ்விட்சை ஒரு விநாடி அழுத்தி, எல்லா விளக்கும் அணைந்ததைக் காட்டி விட்டுத்தான் படித்தேன்.

அந்த மாணவி போட்டியில் சேர்ந்திருந்தாள். பெட்டியைச் சோதித்தவள் போட்டியிடலாமா என்று நானே சபையில் கேட்டேன்; யாரும் மறுக்கவில்லை. என் மகன் மதிப்பெண் டைப் செய்ய உட்கார்ந்தான். இந்த முறை அவனை அணியில் சேர்க்கவில்லை.

நடுவில் ஒரு முறை சிவப்பும் பச்சையும் ஒன்றாக எரிந்தன. கூட்டத்தில் ஒரு 'ஓ...' எழுந்தது. கேள்வியை ரத்து செய்து வேறு கேட்டேன். இரு பக்கமும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் அணி இரண்டாவதாகத்தான் வந்தது. பரிசு வாங்கிக் கொண்டு இறங்கும்போது என்னிடம் வந்து, "அங்கிள், அடுத்த வருஷம் நாலு டீம் வைக்கலாம். இன்னொரு ரிலே போட்டா போதும்" என்று சொல்லி விட்டுப் போனாள்.

நீங்களும் முதலில் நோட்பேடில் தொடங்குங்கள். அதற்குச் செலவே இல்லை. பிடித்துப் போனால் ரிலே பெட்டிக்கு வாருங்கள். சால்டர் செய்யாமல் கம்ப்யூட்டரோடு இணைக்க விரும்புபவர்களுக்கு, ஆர்டுவினோ லியோனார்டோ போன்ற, கீபோர்டாகவே நடிக்கும் சின்ன போர்டுகளும் கிடைக்கின்றன. எதைச் செய்தாலும், மேடை ஏற்றும் முன் ஒரு மர ஸ்கேலை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். சோதிக்கும் வேலையைப் போன முறை தோற்றுப் போன பிள்ளையிடம் கொடுங்கள். குறை இருந்தால் அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்!